ஷாம்ராக் என்று புளியாரையை வைத்த பப்: ஆற்றோரத்தில் ஒரு மார்ச் 17

கடைப் பெயரைப் போடவில்லை, மன்னிக்கவும். சாப்பாட்டில் பெரிய குறை இல்லை, என் புகாரெல்லாம் மேசை மேல் வைத்திருந்த ஓர் அட்டையைப் பற்றியும் ஒரு சின்னத் தொட்டியைப் பற்றியும்தான், அதற்குப் போய் ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போடுவானேன். சிங்கப்பூர் ஆற்றோரம் பழைய கடைவீடு, இரண்டு மாடி, வாசலில் பச்சைத் தோரணம், உள்ளே மரப்பலகைச் சுவர். அந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஐரிஷ் பப் என்றதும் நாலைந்து பெயர் மனதில் வரும், அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 17, செயின்ட் பேட்ரிக்ஸ் டே, அயர்லாந்துக்காரர்கள் கொண்டாடுகிற புனித பேட்ரிக்கின் திருநாள். நம்மில் பலருக்கு அது அங் மோக்கள், அதாவது வெள்ளைக்காரர்கள், பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு குடிக்கிற நாள். எனக்கும் பத்து வருடமாக அப்படித்தான், ராஃபிள்ஸ் பிளேசில் வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலுக்கு நடக்கும்போது அந்தக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவேன், அவ்வளவுதான். இந்த வருடம் உள்ளே போனதற்கு இரண்டு பேர் காரணம். எங்கள் டீமுக்குப் புதிதாக ஓர் அயர்லாந்துக்காரர் வந்திருக்கிறார், மேயோ என்ற மேற்குக் கரைப் பகுதிக்காரர், வெளிநாட்டு ஐரிஷ் பப் என்றாலே முகத்தைச் சுளிப்பவர், "சரி, சிரிக்கிறதுக்காக வருகிறேன்" என்று வந்தார். இன்னொருவர் என் பெரியப்பா. 78 வயது. காத்தோங்கில் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியில் படித்தவர். 1933இல் லசால் என்ற கத்தோலிக்கச் சபையின் பிரதர்கள் தொடங்கிய பள்ளி அது, இன்றும் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் இருக்கிறது. அவர் படித்தபோது கடலைத் தூர்த்திருக்கவில்லை, பள்ளிக்கூடத்துப் பின்பக்கமே அலை வரும் என்பார். மார்ச் 17 என்றால் அவருக்குக் காலைப் பூசையும் மத்தியானப் பந்து விளையாட்டும்தான் ஞாபகம், பீர் சம்பந்தப்பட்ட நாள் என்பதே வேலைக்குப் போன பிறகுதான் தெரியுமாம்.

முதலில் காசு விஷயம். அன்றைக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் செட், தலைக்கு 48 வெள்ளி ப்ளஸ் ப்ளஸ். சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் ஏறினால் 57 வெள்ளி 55 காசு. சூப், சோடா ரொட்டி, அப்புறம் ஆட்டிறைச்சி ஸ்டியூ அல்லது கார்ன்ட் பீஃப் என்கிற உப்பில் ஊறிய மாட்டிறைச்சி, கூடவே ஒரு பைண்ட் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர், குடிக்காதவர்களுக்கு ஆப்பிள் ஜூஸ். அந்த வட்டாரத்தில் ஸ்டவுட் மட்டுமே இருபது வெள்ளியைத் தொடும், அதனால் கணக்குப் பார்த்தால் நியாயமான விலைதான். ஆனால் மேசைக்கு ஒன்றரை மணி நேரம்தான், அதைப் பதிவு செய்யும்போது சொல்லவில்லை, உட்கார்ந்த பிறகு சொன்னார்கள்.

வாசலிலேயே ஒரு கூத்து. பச்சை உடுத்தி வருகிறவர்களுக்குச் சின்னக் கிளாசில் ஒரு பானம் இலவசம் என்று போர்டு. நான் வேண்டுமென்றே நீலச் சுடிதாரில் போயிருந்தேன். முந்தின நாள் டீ நேரத்தில் அயர்லாந்துக்காரர் சொல்லியிருந்தார், இந்தப் புனிதரோடு சேர்த்துப் பேசப்பட்ட பழைய நிறம் நீலம் என்று. 1783இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் புனித பேட்ரிக் பெயரில் பிரபுக்களுக்கு ஒரு விருதுப் பட்டம் உண்டாக்கியபோது அதற்குத் தேர்ந்தெடுத்தது வான்நீலம். இன்றைக்கும் அயர்லாந்து அதிபரின் கொடி நீலத் துணியில் தங்க யாழ். பச்சை அரசியலோடு வந்தது. 1640களின் கிளர்ச்சியில் பச்சைக் கொடியில் யாழைப் போட்டுப் பிடித்தார்கள், 1798இல் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக எழுந்தவர்களுக்குப் பச்சைதான் அடையாளம், அந்தக் காலத்தில் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு தெருவில் போவது வம்பை விலைக்கு வாங்குவது. இதையெல்லாம் நான் வாசலில் நின்று சுருக்கமாக எடுத்துச் சொன்னேன். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிற நம் தமிழ்ப் பையன் ஒருவன்தான் வாசலில் நின்றான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, கதை சூப்பர், ஆனா சிஸ்டத்துல பச்சைன்னுதான் இருக்கு" என்றான். தலைக்கு ஒரு பச்சைக் காகிதத் தொப்பியை மாட்டி, இப்போது கணக்குச் சரி என்று கிளாசையும் கொடுத்துவிட்டான். இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தம்பிதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாடிப்படிக் கைப்பிடியில் ரப்பர் பாம்புகளைச் சுற்றி விட்டிருந்தார்கள். பெரியப்பா கைப்பிடியைப் பிடிக்கப் போய் ஒரு பாம்பைப் பிடித்து, வாய்க்கு வந்ததைச் சொல்லி, படியிலேயே நின்றுவிட்டார். வயதானவர்களோடு போகிறவர்கள் கீழ்த்தளத்தில் மேசை கேளுங்கள். பாம்பு எதற்கு என்றால், பேட்ரிக் அயர்லாந்திலிருந்து பாம்புகளை எல்லாம் கடலுக்குள் விரட்டினார் என்று கதை. உண்மையில் பனியுகம் முடிந்து கடல் ஏறி அந்தத் தீவு தனியானது, பாம்பு அங்கே போய்ச் சேர வழியே இருக்கவில்லை. அயர்லாந்தில் பாம்பு கிடையாது என்று சொலினுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் 3ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார், அப்போது பேட்ரிக் பிறக்கவே இல்லை. நிலத்தில் வாழும் ஊர்வன என்று அந்தத் தீவுக்குச் சொந்தமாக இருப்பது ஒரே ஒரு பல்லி இனம். "பல்லி விழும் பலன் பார்க்கத்தான் ஆகும்" என்றார் பெரியப்பா, மூச்சு வாங்கிக்கொண்டே.

இப்போது அட்டைக்கு வருகிறேன். மேசைக்கு ஒன்று, தடித்த தாளில் தங்க ஓரம் போட்டு, ஆங்கிலத்தில் நாலே வரி. பேட்ரிக் அயர்லாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பச்சை அங்கி உடுத்தி ஊர் ஊராக நடந்தார். பாம்புகளை விரட்டினார். நாலு இலை ஷாம்ராக் என்ற சின்னச் செடியைக் காட்டி மக்களை நல்வழிப்படுத்தினார். நாலு வரியில் ஒன்றுகூடத் தேறாது. அயர்லாந்துக்காரர் அதை ஒருமுறை படித்தார், இரண்டாம் முறை படித்தார், அப்புறம் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தன் கிளாசை வைத்தார். இரவு முழுக்க அந்த அட்டை அங்கேயே ஊறிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது எங்கே என்றால், உண்மைக் கதை அந்த அட்டையைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கிறது, அதை எழுதியிருந்தால் கடைக்குத்தான் லாபம். பேட்ரிக் அயர்லாந்துக்காரரே கிடையாது. ரோமானியர் கைக்குள் இருந்த பிரிட்டனில் பிறந்தவர், வசதியான வீட்டுப் பிள்ளை, அப்பா கல்போர்னியுஸ் தேவாலயத்தில் திருத்தொண்டர், தாத்தா குருவாக இருந்தவர். 16 வயதில் அயர்லாந்திலிருந்து கொள்ளைக்காரர்கள் படகில் வந்து ஊரைச் சூறையாடி, ஏராளமானவர்களோடு அவரையும் பிடித்துக்கொண்டு போய் அடிமையாக்கினார்கள். ஆறு வருடம் யாரோ ஒருவருடைய ஆடுகளை மேய்த்தார். பனி, உறைபனி, மழை எதுவானாலும் விடிவதற்கு முன்னால் எழுந்து ஜெபம் செய்வேன் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார், வீட்டில் இருந்தபோது சாமி பற்றி அக்கறையே இல்லாத பையன். ஒருநாள் தூக்கத்தில் ஒரு குரல், உன் கப்பல் தயாராக இருக்கிறது என்று. ஓடினார். கப்பல் இருந்த இடம் ஏறக்குறைய இருநூறு மைல். எப்படியோ ஏறி, சில வருடம் கழித்து ஊர் போய்ச் சேர்ந்தார். வீட்டார் இனி எங்கேயும் போகாதே என்று கெஞ்சினார்கள்.

இந்த இடத்தில் தண்ணீர் ஊற்ற வந்த ஜொகூர்த் தம்பி ஜக்கைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். "அப்புறம் போனாரா?"

போனார். அடுத்த கனவில் ஒரு மனிதர் கணக்கில்லாத கடிதங்களோடு வருகிறார், ஒன்றைக் கொடுக்கிறார், அதன் தொடக்கத்தில் ஐரிஷ் மக்களின் குரல் என்று எழுதியிருக்கிறது, படிக்கப் படிக்க மேற்குக் கடலோரக் காட்டுப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து, வா, மறுபடியும் எங்களோடு நட என்று கூப்பிடுவது காதில் விழுகிறது. எந்த மண்ணில் அடிமையாக ஆடு மேய்த்தாரோ அந்த மண்ணுக்கே பிஷப்பாகத் திரும்பினார். 5ஆம் நூற்றாண்டில் நடந்தது. அவர் லத்தீனில் எழுதியதில் இரண்டு நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒன்று இந்தத் தன் கதை, இன்னொன்று கோரோடிகுஸ் என்ற தலைவனின் படைவீரர்களுக்கு எழுதிய கோபமான கடிதம், தான் ஞானஸ்நானம் கொடுத்த ஆட்களை வெட்டியும் அடிமைகளாகப் பிடித்தும் போனதற்காக. அடிமையாக இருந்தவன் எழுதினது, அதான் அவ்வளவு சூடு என்றார் அயர்லாந்துக்காரர். தம்பி, "ஆறு வருஷம் லீவே இல்லாம..." என்று தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனான். காலை மூன்றரைக்கு எழுந்து உட்லண்ட்ஸில் வரிசையில் நிற்கிறவன், அவனுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்.

மார்ச் 17 என்பது அவர் இறந்த நாள். வருடத்தில் தகராறு உண்டு, 461 என்பார்கள், 493 என்பார்கள், தேதியில் மட்டும் எல்லாரும் ஒன்றாக நிற்கிறார்கள். இறந்த நாளையா கொண்டாடுவது என்று நான் கேட்டதற்குப் பெரியப்பாவே பதில் சொன்னார், நாயன்மார்களுக்குக் குருபூசை எந்த நாளில் செய்கிறோம், தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா கட்டினவர்கள் எந்த நாளுக்குக் கந்தூரி எடுத்தார்கள், இறைவனடி சேர்ந்த நாள்தானே என்று. சரிதான். அயர்லாந்தில் நெடுங்காலமாகக் கொண்டாடி வந்த அந்த நாள், 17ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த லூக் வாடிங் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் முயற்சியால் கத்தோலிக்கத் திருச்சபையின் பொது நாட்காட்டியில் ஏறியது. எப்போதும் தவக்காலத்துக்குள்தான் விழும், அதனால் அந்த ஒருநாள் மட்டும் விரதத்துக்கு விலக்குக் கொடுப்பார்கள், இன்றைய விருந்துக்கும் குடிக்கும் விதை அங்கேதான். ஒன்று சொல்ல மறந்தேன், அவரைப் போப்பாண்டவர் யாரும் முறைப்படி புனிதர் என்று அறிவித்தது கிடையாது, அந்த நடைமுறையே பிறகு வந்ததுதான். மக்களாகவே கொண்டாடிப் புனிதராக்கினார்கள்.

சரி, தொட்டி. மேசை நடுவில் கைக்குள் அடங்குகிற தகரத் தொட்டி, பச்சை ரிப்பன், உள்ளே மெல்லிய தண்டில் மூன்று மூன்றாக இலை. ஷாம்ராக் என்று குச்சியில் எழுதிச் செருகியிருந்தார்கள். பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஓர் இலையைக் கிள்ளினார். ஒவ்வொரு இலையும் நுனியில் பிளந்து இதய வடிவில் இருந்தது, பின்பக்கம் மடிந்து குடை மாதிரி தொங்கியது. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் வாயில் போட்டுவிட்டார். ஒரு கண்ணைச் சுருக்கினார். "புளிக்குது. புளியாரை ஜாதிம்மா இது, எங்கம்மா இதுல துவையல் அரைப்பாங்க."

அயர்லாந்துக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பியது. அவர் பெரியப்பா பக்கம்தான். கடைகளில் ஷாம்ராக் என்று தொட்டியில் விற்பதில் பெரும்பகுதி புளியாரைக் குடும்பம்தானாம், பார்க்க அழகு, தொட்டியில் நன்றாக வளரும். அசல் ஷாம்ராக் குளோவர் என்கிற தீவனப் பயிர், இலை உருண்டை, புளிப்பு கிடையாது. ஐரிஷ் மொழியில் சாம்ரோக் என்றால் இளங் குளோவர், குட்டிக் குளோவர் என்று பொருள், அதற்கு மேல் எந்தச் செடி என்று அந்தச் சொல்லே சொல்லாது. இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. 1893 வாக்கில் நதானியேல் கோல்கன் என்ற தாவர ஆர்வலர், நாட்டின் பல பக்கத்திலிருந்தும் உங்கள் ஊர் ஷாம்ராக்கைப் பிடுங்கி அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கி, நட்டு, பூக்க விட்டுப் பார்த்தார். நாலு வேறு வேறு செடிகள் வந்திருந்தன. 1988இல் மறுபடி அதே மாதிரி செய்தார்கள், கிட்டத்தட்ட அதே முடிவு, மஞ்சள் பூ பூக்கிற சிறு குளோவர் முதலிடம், வெள்ளைக் குளோவர் அடுத்தது.

இலைக் கணக்குக்கு வந்தால், கதைப்படி அது மூன்றாகத்தான் இருக்க வேண்டும். தந்தை, மகன், தூய ஆவி, மூன்றும் ஒன்று, ஒன்றே மூன்று என்பதைப் புரியவைக்க பேட்ரிக் தரையிலிருந்து மூவிலையைக் கிள்ளிக் காட்டினாராம். அவருடைய எழுத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எழுத்தில் இந்தக் கதை தலைகாட்டுவது 18ஆம் நூற்றாண்டில்தான், பேட்ரிக் இறந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் கழித்து. நமக்குக் கேட்டதும் பிடித்துப்போகிற கதை. மூவிலை வில்வத்தைச் சிவனுக்குப் போடுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு ஓர் இலையில் மூன்றைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு இலை என்றால் அது அதிர்ஷ்டச் சமாச்சாரம், புனிதரோடு சம்பந்தமே கிடையாது. அட்டையிலும் நாலு இலை, என் தலையில் இருந்த தொப்பியிலும் நாலு இலை. நாலு இலை வேண்டுமென்றால் நம்ம ஆரைக்கீரை இருக்கிறது, தேக்கா சந்தையில் சில நாள் கிடைக்கும்.

சாப்பாடு வந்ததும் நான் கொஞ்சம் அடங்கினேன். சோடா ரொட்டி, இதற்காகவே போகலாம். மேலே கத்தியால் சிலுவை கீறி, ஓரம் கருகலுக்குச் சற்று முன்னால் எடுத்த உருண்டை, உடைத்தால் ஆவி, பக்கத்தில் உப்பு போட்ட வெண்ணெய். ஈஸ்ட் கிடையாது. அயர்லாந்துக் கோதுமை மிருது ரகம், ஈஸ்ட் போட்டுப் பொங்க வைக்க வாகாக இருக்காது, அதனால் 19ஆம் நூற்றாண்டில் சமையல் சோடா வந்ததும் மோரையும் அதையும் சேர்த்து மாவு பிசைய ஆரம்பித்துவிட்டார்கள். மோரின் புளிப்பும் ஆப்பச் சோடாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா. இரண்டாவது ரொட்டிக்குத் தனியாக 6 வெள்ளி, கொடுத்தோம்.

ஸ்டியூவில் ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கொஞ்சம் கேரட், மிளகுத்தூள், முடிந்தது. நீளநேரம் சின்னத் தீயில் வைத்திருக்கிறார்கள், எலும்பைக் கரண்டியால் தொட்டாலே கறி நழுவி விழுகிறது, உருளைக்கிழங்கு பாதி கரைந்து குழம்பைக் கெட்டியாக்கியிருந்தது. காரம் என்ற பேச்சே இல்லை. பெரியப்பா பச்சை மிளகாய் கேட்டார், தம்பி சொல்லிவைத்த மாதிரி சோயா சாஸில் வெட்டிப் போட்ட சின்ன மிளகாய் கொண்டுவந்தான், அதற்குப் பிறகு பெரியப்பா பேசவே இல்லை. இடியாப்பம் இருந்திருந்தால் இன்னும் ஜோராக இருக்கும் என்பது என் எண்ணம். பேட்ரிக் காலத்து விருந்து என்று மெனுவில் ஒரு வரி, அதையும் அடித்துவிட வேண்டும், உருளைக்கிழங்கு அயர்லாந்தைத் தொட்டதே அவர் போய் ஆயிரம் வருடம் கழித்து, தென் அமெரிக்காவிலிருந்து.

நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, கார்ன்ட் பீஃப் அயர்லாந்துக்காரர் தட்டில்தான். உப்பு அதிகம், முட்டைக்கோஸ் குழைந்துவிட்டது என்றார். எங்கள் வீட்டில் இதைச் சமைத்ததே இல்லை, பன்றி பேக்கனும் முட்டைக்கோஸும்தான் வைப்போம் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார். இது நியூயார்க்கில் பிறந்த சாப்பாடு. 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து, அடுத்த சில வருடப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். போன இடத்தில் பழைய பேக்கன் கட்டுப்படியாகவில்லை, பக்கத்துத் தெரு யூதக் கறிக்கடையில் உப்பில் ஊறிய மாட்டிறைச்சி மலிவாகக் கிடைத்தது, அதை வாங்கினார்கள். அப்படியானால் இது போலி என்று அவர் சொன்னபோதுதான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம்ம மீன்தலைக் கறி எங்கே பிறந்தது? இங்கேதான், ஒரு மலையாளி கடையில், சீன வாடிக்கையாளர் நாக்குக்காக. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அதை நாம் எவ்வளவு பெருமையாக வாங்கிக் கொடுக்கிறோம். அதே கணக்குதான் இதுவும். கார்ன்ட் பீஃபை மெனுவில் வைத்தது தப்பில்லை, உப்பை நன்றாகக் கழுவாததுதான் தப்பு.

திருவிழாவே அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. ஊரில் அது கோயிலுக்குப் போய்விட்டு வீட்டில் சாப்பிடுகிற நாள். ஊர்வலமும் கொட்டுமுழக்கும் வெளியூர் போனவர்கள் சேர்த்தது. நமக்குத் தெரிந்த முதல் ஊர்வலம் 1601இல் புளோரிடாவில், ஸ்பானியர் ஊரில் நடந்தது. நியூயார்க் ஊர்வலம் 1762இல் தொடங்கியது, பிரிட்டிஷ் படையில் இருந்த ஐரிஷ் சிப்பாய்களும் அதில் நடந்தார்கள். டப்ளினில் அரசாங்கம் ஊர்வலம் நடத்தியது 1931இல்தான். தைப்பூசத்தை நாம் தேங்க் ரோட்டிலும் பத்துமலையிலும் எடுக்கிற எடுப்பை ஊரிலிருந்து வந்தவர்கள் வாய் பிளந்து பார்ப்பதில்லையா.

இன்னொன்று கேளுங்கள். அயர்லாந்தில் 1903 முதல் அன்று பொது விடுமுறை, ஆனால் 1927இல் வந்த சட்டப்படி அன்று பப்புகள் அடைப்பு, 1960களின் தொடக்கம் வரை அப்படித்தான். டப்ளினில் அன்று சட்டப்படி கிளாசைக் கையில் எடுக்க வேண்டுமென்றால் நாய்க் கண்காட்சிக்குப் போக வேண்டும், அங்கே மட்டும் அனுமதி. நாய் மேல் ஆசையே இல்லாதவர்கள் எல்லாம் வரிசையில் நின்றிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு அன்று இரவின் மிகப் பெரிய மகிழ்ச்சி இந்தச் செய்திதான், வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் முதலில் சொன்னதும் இதைத்தான்.

பப்பில் திரை ஒன்றில் சிகாகோ ஆற்றைப் பச்சையாக்கும் படம் ஓடிக்கொண்டே இருந்தது, 1962 முதல் செய்கிறார்கள். கொட்டும்போது பொடி ஆரஞ்சு நிறம், தண்ணீரில் பட்டதும் பச்சை. சன்னலுக்கு வெளியே நம் ஆறு. இங்கே யாராவது ஒரு கைப்பிடி போட்டால் எவ்வளவு அபராதம் என்று கொஞ்ச நேரம் பேசினோம். அந்தப் படத்துக்குப் பதில் மொன்செராட் தீவைப் பற்றி யாராவது காட்டலாம். கரீபியன் பக்கம், அயர்லாந்துக்கு வெளியே அன்று பொது விடுமுறை விடுகிற சின்னத் தீவு. ஐரிஷ் தோட்ட முதலாளிகள் நிறைந்த இடம். 1768 மார்ச் 17 அன்று முதலாளிகள் விருந்தில் இருப்பார்கள், அன்றைக்கே எழுந்துவிடலாம் என்று அடிமைகள் திட்டம் போட்டார்கள், அது வெளியே தெரிந்து தலைவர்களைக் கொன்றார்கள். அடிமையாக இருந்து தப்பியவரின் நாளை அடிமைகளை வைத்திருந்தவர்கள் கொண்டாடியிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது அயர்லாந்துக்காரர் சற்றுநேரம் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளாஸ் பற்றி. கோப்பிக் கடையில் சீனத் தாத்தாக்கள் 'கறுப்பு நாய்' என்று கேட்டு வாங்குகிற பாட்டில் சரக்கைவிட இந்தப் பீப்பாய் ஸ்டவுட் லேசானது, நுரை பாலாடை மாதிரி. ஊற்றி, நிறுத்தி, நுரை அடங்கியதும் மறுபடி நிரப்ப வேண்டும், அன்றைய கூட்டத்தில் ஒரே மூச்சில் ஊற்றிக் கொடுத்தார்கள், அயர்லாந்துக்காரர் பெருமூச்சு விட்டார். கிளாசில் இருக்கும் யாழைப் பாருங்கள், ஸ்டவுட் காய்ச்சுகிற கின்னஸ் நிறுவனம் அதை 1876இல் வணிகச் சின்னமாகப் பதிந்துவிட்டது, அதனால் 1922இல் புது அயர்லாந்து அரசு யாழைத் தன் சின்னமாக எடுத்தபோது எதிர்ப்பக்கம் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. பச்சை நிற பீரும் இருந்தது. வாங்கவில்லை, பக்கத்து மேசைப் பையனின் பல் பச்சையாக இருந்ததைப் பார்த்தோம், போதும்.

மற்றவை சுருக்கமாக. எட்டு மணிக்கு மேல் பாட்டுக்குழு ஆரம்பித்துவிட்டால் பேச முடியாது, ஸ்பீக்கர் படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கழிப்பறை சுத்தம், வரிசை நீளம். கடைசி அரைமணி நேரத்தில் அயர்லாந்துக்காரர் பெரியப்பா காதருகில் கத்திக் கத்தித் தன் ஊர் மலைக் கதையைச் சொன்னார். கிரோக் பேட்ரிக், 764 மீட்டர், மேலே பேட்ரிக் நாற்பது நாள் உண்ணாமல் இருந்ததாக நம்பிக்கை. ஜூலை கடைசி ஞாயிறு ஆயிரக்கணக்கில் ஏறுவார்கள், சிலர் வெறுங்காலோடு, உச்சிக்குக் கிட்ட முழுக்கச் சரளைக்கல். அவர் அம்மா வேண்டுதலுக்காக வெறுங்காலோடு ஏறினவராம். பெரியப்பா தன் பங்குக்கு, தன் தம்பி முதுகில் அலகு குத்தின கதையை ஆரம்பித்தார். ஒன்றரை மணி முடிந்தது என்று சொல்ல வந்த நம்ம தம்பி, அவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு இன்னும் கால்மணி நேரம் விட்டான்.

மார்க் போடச் சொன்னால் ரொட்டிக்கு ஐந்துக்கு ஐந்து, ஸ்டியூவுக்கு நாலரை, கார்ன்ட் பீஃபுக்கு இரண்டு, அட்டைக்கு முட்டை. அடுத்த வருடம் போவேன், ஆறரைக்கே, கீழ்த்தளத்தில். அட்டையின் பின்பக்கத்தில் அயர்லாந்துக்காரர் பேனாவால் ஐந்தாறு வரி எழுதி மேனேஜரிடம் கொடுத்திருக்கிறார், அச்சடிக்கிறார்களா பார்ப்போம்.

தொட்டியை எடுத்துக்கொண்டு போங்கள், நாளைக்குக் குப்பைக்குத்தான் போகும் என்றான் தம்பி. இப்போது பெரியப்பா வீட்டு வாசலில், துளசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிறைய தளிர் விட்டிருக்கிறது. இது அலங்காரத்துக்கு வளர்த்த செடி, என்ன மருந்தெல்லாம் அடித்தார்களோ, துவையலுக்குத் தொடக்கூடாது என்று பெரியம்மா உத்தரவு போட்டிருக்கிறார். பெரியப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.